இரண்டாவது ஆளின் கன்ட்ரோலர்

தொண்ணூறுகளின் நடுவில், மதுரையில் பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடிய வாரத்தில், அவள் வீட்டு டிவிக்கு ஒரு வீடியோ கேம் வந்து சேர்ந்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் செய்த ஃபேமிகாம் எந்திரத்தைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல். மஞ்சள் கேசட்டைச் செருகினால் மேரியோ, கான்ட்ரா, இன்னும் பெயர் தெரியாத பல ஆட்டங்கள். கூடவே இரண்டு கன்ட்ரோலர்கள். வீட்டில் எல்லோரும் அவற்றை ஜாய்ஸ்டிக் என்றுதான் சொன்னார்கள். முதலாவதில் திசைப் பட்டன், ஏ, பி, நடுவில் ஸ்டார்ட், செலக்ட். இரண்டாவதில் நடுப்பகுதி காலியாக இருந்தது. அண்ணன் முதலாவதை எடுத்துக்கொண்டான். தங்கைக்கு இரண்டாவது.

ஆட்டத்தைத் தொடங்குவது, எத்தனை பேர் ஆடுவது என்று தேர்ந்தெடுப்பது, நடுவில் நிறுத்தி வைப்பது எல்லாம் அண்ணன் கையில் இருந்தன. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போகலாமா என்பதையும் அவன்தான் முடிவு செய்தான். மேரியோவில் அவன் செத்தால்தான் அவளுடைய லூயிஜிக்கு முறை வரும். கான்ட்ராவில் மட்டும் இரண்டு பேரும் ஒரே திரையில் ஓடிச் சுட முடிந்தது. அதனாலேயே அவளுக்குக் கான்ட்ரா பிடித்துப்போனது.

அந்தக் காலி இடத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான அசல் ஃபேமிகாமில் இரண்டு கன்ட்ரோலர்களும் எந்திரத்தோடு ஒயரால் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தன. இரண்டாவதில் ஸ்டார்ட், செலக்டுக்குப் பதிலாக ஒரு சின்ன மைக்கும் அதன் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு விசையும் வைத்தார்கள். 1986இல் அங்கே வந்த செல்டா ஆட்டத்தில் அந்த மைக்கில் சத்தம் போட்டால் ஒரு வகை எதிரி செத்துவிழும். நகல் எடுத்தவர்கள் மைக்கை விட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டாவது ஆளுக்கு ஸ்டார்ட் கிடையாது என்ற ஏற்பாடு அப்படியே கடல் தாண்டி மதுரைவரை வந்துவிட்டது.

இந்தப் பொருளைச் செய்தவர்கள் யாருடைய கையை நினைத்துச் செய்தார்கள் என்ற கேள்வி அவளிடம் அந்தக் கோடையிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு கைக்கு வந்த ஒவ்வொரு கன்ட்ரோலரையும் அவள் முதலில் அந்தக் கேள்வியோடுதான் எடைபோட்டாள். அவள் கை சின்னது. வளர்ந்த பிறகும் சின்னதாகவே இருந்தது.

ஃபேமிகாம் கன்ட்ரோலர் அந்தக் கைக்குப் பெரிய தொல்லை தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓரங்கள் கூர்மையான செவ்வகம் அது. நெடுநேரம் ஆடினால் உள்ளங்கையில் மூலை பதிந்துவிடும். ஆனால் அகலம் குறைவு. சிறுமியின் கட்டைவிரல் எல்லாப் பட்டன்களையும் எட்டியது. சிலுவை வடிவத் திசைப் பட்டன் குன்பெய் யோகோய் என்ற வடிவமைப்பாளரின் யோசனை. 1982இல் டாங்கி காங் ஆட்டத்துக்காகச் செய்த மடக்குக் கையடக்கக் கருவியில் அது முதலில் இடம்பெற்றது. அதற்கு முன்னால் வீட்டு ஆட்டங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிதான் வழக்கம். அடாரியின் ஜாய்ஸ்டிக்கை ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் ஆட்ட வேண்டும். தோள்பட்டைவரை வேலை உண்டு. யோகோய் அந்த வேலை முழுவதையும் ஒரே கட்டைவிரலின் நுனிக்குக் கொண்டுவந்தார். சிலுவையின் நான்கு கைகளும் ஒரே துண்டு, நடுவில் ஒரு தாங்கு முனை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புவதால் விரல் எங்கே நிற்கிறது என்பது பார்க்காமலே தெரியும்.

கொப்புளம் மட்டும் தப்பவில்லை. அந்த விடுமுறை முடியும்போது அவள் இடது கட்டைவிரலில் தோல் தடித்துப் போயிருந்தது. அதை அவள் பள்ளியில் பெருமையாகக் காட்டினாள்.

துபாயில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வந்தபோது அவர் மகனுக்காகக் கொண்டுவந்த பிளேஸ்டேஷனில்தான் அவள் முதன்முதலாகக் கைப்பிடி உள்ள கன்ட்ரோலரைத் தொட்டாள். கீழ்நோக்கி நீண்ட இரண்டு கைப்பிடிகள் அன்றைக்கு விசித்திரமாகத் தெரிந்தன. சோனிக்காக அதை வடிவமைத்தவர் தெய்யு கோட்டோ. தட்டையான, பழகிய வடிவமே போதும் என்று நிறுவனத்துக்குள் பலர் நினைத்தபோது, கைப்பிடி வைத்த மாதிரியின் பக்கம் உறுதியாக நின்றவர் அப்போதைய சோனி தலைவர் நோரியோ ஓஹ்கா. அவர் விமானம் ஓட்டத் தெரிந்தவர். ஒரு கருவியைக் கை எப்படிப் பற்றும் என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் ஆகிய நான்கு அடையாளங்களும் கோட்டோ கொடுத்தவைதாம். ஜப்பானில் வட்டத்துக்கு ஆம் என்றும் பெருக்கல் குறிக்கு இல்லை என்றும் பொருள். மேற்கு நாடுகளுக்குப் போன ஆட்டங்களில் அது தலைகீழாகி, பெருக்கல் குறியே ஆம் ஆனது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் சோனி ஜப்பானிலும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்தது.

கைப்பிடியின் பயன் அழகில் இல்லை, விரல்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. செவ்வகக் கன்ட்ரோலரைத் தாங்கிப் பிடிப்பதும் பட்டனை அழுத்துவதும் அதே விரல்கள்தான். கைப்பிடி வந்ததும் எடை உள்ளங்கைக்கும் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போய்விடுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழு விடுதலை பெறுகின்றன. மாமா வீட்டுக் கூடத்தில் டெக்கன் 3 ஆடும்போது, எடி கோர்டோவை வைத்துக்கொண்டு தோன்றிய பட்டனையெல்லாம் தட்டிய அவளிடம் மாமா மகன் தொடர்ந்து தோற்றான். அவனுக்குக் கோபம். பட்டனைப் பார்க்காமல் திரையை மட்டுமே பார்த்து ஆட முடிந்தது அவளுக்கு அதுதான் முதல்முறை.

அனலாக் ஸ்டிக்கின் வரலாற்றை அவள் ஆடித் தெரிந்துகொண்டதைவிடப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதே அதிகம். 1996 ஜூனில் ஜப்பானில் வந்த நின்டெண்டோ 64இன் கன்ட்ரோலருக்கு மூன்று பிடிகள். நடுப்பிடியில் ஒரு ஸ்டிக். கொஞ்சம் சாய்த்தால் மேரியோ நடப்பான், முழுக்கச் சாய்த்தால் ஓடுவான். முப்பரிமாண உலகத்தில் கட்டைவிரலால் உலவ வழி செய்தது அந்த ஒரு குச்சிதான். அதற்கு இருண்ட பக்கமும் உண்டு. மேரியோ பார்ட்டி என்ற ஆட்டத்தின் சில பகுதிகளில் ஸ்டிக்கை முடிந்தவரை வேகமாகச் சுழற்ற வேண்டும். பிள்ளைகள் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையால் சுழற்றினார்கள், தோல் உரிந்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தலையிட, 2000ஆம் ஆண்டில் நின்டெண்டோ அந்த ஆட்டத்தை வாங்கியவர்களுக்குக் கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு பொம்மைக்கு அரசு வழக்கறிஞர் கையுறை வாங்கித் தர வேண்டி வந்தது என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. ஆட்டத்தை எழுதுகிறவரும் கன்ட்ரோலரைச் செய்கிறவரும் ஒரே உள்ளங்கைக்குத்தான் பொறுப்பு.

சோனி 1997இல் இரண்டு ஸ்டிக்குகளைத் தன் கன்ட்ரோலரில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானில் டூயல்ஷாக் வந்தது. அதன் இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் மோட்டார்கள். அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனம் வைத்திருப்பதால் சுழலும்போது அதிரும். இடப்பக்கம் பெரியது, மந்தமான குலுக்கல். வலப்பக்கம் சின்னது, நுண்ணிய நடுக்கம். பல வீடுகளில் மேசைமேல் வைத்த கன்ட்ரோலர் தானாக நகர்ந்துபோனதைப் பார்த்துக் குழந்தைகள் கூச்சலிட்டார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மதுரையில் கேம் சென்டர்கள் முளைத்தன. பிளேஸ்டேஷன் 2, மணிக்கணக்கில் வாடகை, சுவர் நெடுக டிவிகள், ஒரே மின்விசிறி. பெண் பிள்ளைகள் உள்ளே நுழைவது அரிது. அவள் அண்ணனோடு போவாள். முன்னால் வந்த பையன்கள் நல்ல கன்ட்ரோலர்களை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சியவற்றில் ஸ்டிக்கின் ரப்பர் தேய்ந்து வழவழத்திருக்கும், ஒரு பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு நுட்பம் அந்த டூயல்ஷாக் 2இல் இருந்தது. அதன் பட்டன்கள் எவ்வளவு அழுத்தத்தில் அழுத்தப்படுகின்றன என்பதை அளந்தன. கார் ஓட்டும் ஆட்டத்தில் பெருக்கல் குறியை மெல்ல அழுத்தினால் வண்டி மெல்லப் போகும். மெட்டல் கியர் சாலிட் 2இல் துப்பாக்கியை நீட்டிவிட்டு, சுடாமல் இறக்க வேண்டுமென்றால் பட்டனிலிருந்து விரலை மெதுவாக எடுக்க வேண்டும். மேசையில் ஓங்கித் தட்டுவது போல அழுத்திப் பழகிய கைகளுக்கு அது எட்டவில்லை. அவளுக்கு எட்டியது, வலுவில்லாத விரல் என்று அண்ணன் கேலி செய்த விரல்தான் அங்கே உதவியது.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்று அவளுடைய கேள்விக்கு மிகத் தெளிவான விடையாக அமைந்தது.

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டது. அதன் கன்ட்ரோலர் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. உள்ளே வைக்க வேண்டிய மின்சுற்றுப் பலகை பெரிது. பின்னால் மெமரி அட்டை முதலியவற்றைச் செருக இரண்டு இடங்கள் வேறு. வெளி ஓடு அவற்றையெல்லாம் சுற்றி மூட வேண்டியிருந்தது. கை கடைசியில்தான் கணக்கில் வந்தது. அதற்கு டியூக் என்ற பெயர் நிலைத்தது. ஜப்பானில் 2002 பிப்ரவரியில் எக்ஸ்பாக்ஸ் விற்பனைக்கு வரும்போது இந்தப் பருமனை அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்து, சிறிய கன்ட்ரோலர் ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். அகேபோனோ என்பது அதன் உள்வட்டப் பெயர். ஹவாயில் பிறந்து ஜப்பானில் சூமோ மல்யுத்தத்தின் உச்சப் பட்டமான யோகோசூனாவை எட்டிய பெரும் உருவம் கொண்ட வீரரின் பெயரும் அதுதான்.

சிறிய கைக்காகச் செய்த அந்தக் கன்ட்ரோலரைப் பெரிய கை படைத்த அமெரிக்கர்களும் விரும்பினார்கள். ஜப்பானிலிருந்து தருவித்து வாங்கினார்கள். கொஞ்ச காலத்தில் மைக்ரோசாஃப்ட் அதையே கன்ட்ரோலர் எஸ் என்ற பெயரில் எல்லா நாடுகளுக்கும் பெட்டியோடு கொடுக்க ஆரம்பித்தது. இன்று வரும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் அனைத்தும் அந்தச் சிறியதன் வாரிசுகள். டியூக்கை நேசித்தவர்களும் இருந்தார்கள், 2018இல் ஹைப்பர்கின் நிறுவனம் அதை மறுபடி செய்து விற்றது. ஆனால் பொதுப் பாதை எது என்பது 2002லேயே முடிவாகிவிட்டது. சின்னக் கைக்கு இடம் கொடுத்தால் பெரிய கைக்கு நட்டமில்லை என்று அவள் பல இடங்களில் வாதாடியிருக்கிறாள்; ஒவ்வொரு முறையும் இந்தக் கன்ட்ரோலர்தான் அவள் சாட்சி.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து பெண்கள் விடுதியில் தங்கியபோது அவளிடம் டிவி இல்லை, லேப்டாப் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒயர் வைத்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினாள். யுஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் தானாக அடையாளம் கண்டுகொண்டது; ஆட்டங்களும் அதன் பட்டன் பெயர்களையே திரையில் காட்டின. அதற்கு முன் கணினியில் கன்ட்ரோலர் இணைப்பவர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எந்தப் பட்டன் எது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஒழுங்கைக் கணினி உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டதற்கு 2005இல் வந்த இந்தக் கன்ட்ரோலர் பெரிய காரணம்.

அதில் இரண்டு ஸ்டிக்குகளும் ஒரே வரிசையில் இல்லை. இடது ஸ்டிக் மேலே, திசைப் பட்டன் கீழே. பிளேஸ்டேஷனில் இரண்டு ஸ்டிக்குகளும் கீழே, பக்கத்தில் பக்கத்தில். எது வசதி என்று இன்றும் நண்பர்களுக்குள் சண்டை நடக்கிறது. அவளுடைய கணக்கு ஆட்டத்தைப் பொறுத்தது. கைப்பிடியைப் பற்றியதும் கட்டைவிரல் இயல்பாக எங்கே போய் நிற்கிறதோ அந்த இடம் மேல் இடம். ஓடுவதும் குதிப்பதும் மட்டுமே உள்ள ஆட்டத்தில் இடது விரல் ஸ்டிக்கிலும் வலது விரல் பட்டன்களிலும் இருக்கும். எக்ஸ்பாக்ஸ் அமைப்பில் இரண்டும் ஒரே உயரம், இரண்டு மணிக்கட்டுகளும் ஒரே கோணம். சுடும் ஆட்டத்தில் இரண்டு விரல்களும் ஸ்டிக்கிலேயே கிடக்கும். அப்போது பிளேஸ்டேஷன் அமைப்பில் உடம்பு சமமாக இருக்கும், எக்ஸ்பாக்ஸில் வலது விரல் மட்டும் உள்ளே வளைந்து இறங்க வேண்டும். சண்டை ஆட்டத்துக்கும் பழைய இரு பரிமாண ஆட்டங்களுக்கும் திசைப் பட்டன் மேலே இருப்பதுதான் நல்லது, அதில் சோனியை மிஞ்ச முடியவில்லை. இவற்றில் ஒன்றை மட்டும் சரி என்பவர்கள் ஒரே வகை ஆட்டத்தை ஆடுகிறவர்களாக இருப்பார்கள்.

அவள் மனம் சாய்ந்தது இந்த இரண்டில் எதன் பக்கமும் இல்லை. நண்பர் ஒருவர் வீட்டில் நின்டெண்டோவின் கேம்கியூப் இருந்தது, 2001இல் வந்தது. அதன் கன்ட்ரோலரின் வலப்பக்கத்தில் பச்சை நிற ஏ பட்டன் மற்றவற்றைவிட மிகப் பெரியது, நடுவில் அமர்ந்திருக்கும். சின்ன வட்டமாக பி, ஏவைச் சுற்றி வளைந்த அவரை விதை வடிவில் எக்ஸும் ஒய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உருவம் என்பதால் விரல் தடவினாலே இது எது என்று சொல்லிவிடலாம். கட்டைவிரல் ஏ மீது ஓய்வாக இருந்து, தேவைப்படும்போது பக்கவாட்டில் உருண்டு மற்றவற்றைத் தொடும். தூக்கி வைக்க வேண்டியதே இல்லை. ஸ்டிக்கைச் சுற்றியுள்ள ஓட்டை எண்கோணமாக வெட்டியிருந்ததால் மூலைவாட்டில் தள்ளும்போது சரியாகப் போய் உட்காரும். ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டக்காரர்கள் அதை விடமறுத்ததால் 2014இலும் 2018இலும் நின்டெண்டோ தன் புதிய எந்திரங்களோடு அந்தப் பழைய கன்ட்ரோலரை இணைக்க அடாப்டர் செய்து கொடுத்தது. நான்கு ஒரே மாதிரி வட்டப் பட்டன்களை வைர வடிவில் அடுக்குவது 1990இல் சூப்பர் ஃபேமிகாம் தொடங்கிவைத்த வழக்கம். கேம்கியூப் அதைத் துணிந்து உடைத்துப் பார்த்தது. வேறு யாரும் அதைப் பின்தொடராதது கைகளுக்கு நேர்ந்த இழப்பு என்றே அவள் கருதுகிறாள்.

ஒரு கட்டத்தில் அவள் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலி தொடங்கியது. பகலில் அலுவலகத்தில் மவுஸ், இரவில் ஆட்டம், இடையில் பேருந்தில் கைபேசி. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. மருத்துவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். அவள் கத்திவிட்டாள். கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் புகுந்து போகின்றன; ஓயாத உராய்வில் அந்த உறை தடித்துப்போவதுதான் டி குவெர்வெய்ன் நோய். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கும் இது அடிக்கடி வரும். பட்டி, ஓய்வு, ஐஸ்.

அந்த ஓய்வுக் காலத்தில்தான் அவள் தன் கையையே உற்றுப் பார்த்தாள். வலது ஸ்டிக்கை எட்டும்போது கைப்பிடியை விட்டு உள்ளங்கை விலகுகிறது. அப்படி விலகினால் கன்ட்ரோலர் நழுவாமல் இருக்க மற்ற விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. கட்டைவிரல் நீளும்போதே மணிக்கட்டும் உள்ளே திரும்புகிறது. ஆக வலியைக் கொண்டுவந்தது பட்டனை அழுத்தும் வேலை மட்டுமல்ல, எட்ட முயலும் வேலையும்தான். பட்டன்களுக்கு இடையிலான தூரத்தில் ஒரு விரல் அகலம் மாறினால் ஒரு மாலை ஆட்டத்தின் பாரமே மாறிவிடும்.

பின்பக்கத்தில் கூடுதல் விசைகள் வைத்த கன்ட்ரோலர்களை அவள் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2015இல் மைக்ரோசாஃப்ட் எலீட் என்ற விலையுயர்ந்த கன்ட்ரோலரில் நான்கு துடுப்பு விசைகளைப் பின்னால் வைத்தது. சோனி 2023 ஜனவரியில் டூயல்சென்ஸ் எட்ஜில் இரண்டு வைத்தது. போட்டியாளர்களுக்கான சாதனம் என்று அவை விளம்பரப்படுத்தப்பட்டன. கைப்பிடியைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலையில்லாமல் கிடந்த நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் குதிப்பதையும் குண்டு நிரப்புவதையும் ஒப்படைத்துவிட்டால் கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நகர வேண்டாம். வேகத்துக்காகச் செய்தது அவளுக்கு மருந்தானது. இப்போது குறைந்த விலைக் கன்ட்ரோலர்களிலும் பின்பட்டன்கள் வருகின்றன. ஒன்று வாங்க ஆலோசனை கேட்பவர்களிடம் அவள் முதலில் சொல்வது இதைத்தான். விளக்கு வெளிச்சமும் நிறமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டிக் தானாக நகரும் நோய் இந்தத் தலைமுறையின் பொதுத் துயரம். கையை எடுத்த பிறகும் திரையில் ஆள் இடப்பக்கமாக ஊர்ந்துகொண்டே இருப்பான். ஸ்டிக்குக்கு அடியில் கரிப்பூச்சுப் பட்டைமேல் ஓர் உலோகக் கால் உரசிக்கொண்டே போய் அதன் இடத்தைச் சொல்கிறது. பூச்சு தேய்ந்தால் தவறான இடத்தைச் சொல்லும். ஸ்விட்ச் எந்திரத்தின் ஜாய்கான் என்ற கன்ட்ரோலர்களில் இது பெரும் புகாராகி, 2020 ஜூனில் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவளிடம் இருந்த வேறொரு கன்ட்ரோலருக்கும் அது வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த ஒருவர் சால்டரிங் அயர்னை எடுத்து, பழைய ஸ்டிக் பெட்டியின் கால்களை ஒவ்வொன்றாக விடுவித்துப் புதியதைப் பொருத்திக் கொடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளிடம், "இது தேயத்தான்மா செய்யும். உரசாத சாமான் போட்டா தேயாது, ஆனா அதுக்கு ஏத்த போர்டு வேணும்" என்றார்.

அவர் சொன்ன உரசாத சாமான் காந்தத்தால் வேலை செய்வது. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம். அது நகர்வதால் மாறும் காந்தப்புலத்தை எதிரே உள்ள சென்சார் அளக்கிறது. 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவு என்பதால் ஹால் சென்சார். இதில் வியப்பு, இது புதிதே அல்ல. 1998இல் வந்த சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் ஸ்டிக்குக்கு இந்த முறைதான். பிறகு பெரிய நிறுவனங்கள் உரசும் முறையைப் பிடித்துக்கொண்டன. அண்மை ஆண்டுகளில் குலிகிட், 8பிட்டூ போன்ற நிறுவனங்கள் அதை மறுபடி கொண்டுவந்திருக்கின்றன, பெரிய நிறுவனங்களின் கன்ட்ரோலரைவிடக் குறைந்த விலையிலேயே.

2020இல் ஒரே மாதத்தில் வந்த இரண்டு கன்ட்ரோலர்களையும் அவள் அண்ணன் வீட்டிலும் தன் வீட்டிலுமாகச் சேர்த்து நன்றாகப் பழகியிருக்கிறாள். சோனியின் டூயல்சென்ஸ் சுமார் 280 கிராம். அதற்கு முந்தைய டூயல்ஷாக் 4 சுமார் 210 கிராம்தான். கூடிய எடைக்குப் பதிலாக அது தருவது தொடு உணர்வு. சுழலும் மோட்டார்களுக்குப் பதில் ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற சுருள் அமைப்பு அதிர்வை உண்டாக்குகிறது. பிளேஸ்டேஷன் 5உடன் இலவசமாக வரும் ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூமில் மணலில் நடந்தால் ஒரு மாதிரி, பனிக்கட்டியில் சறுக்கினால் வேறு மாதிரி, மழைத்துளி விழுந்தால் உள்ளங்கையில் தனித்தனியாகத் தெரியும். ஆள்காட்டி விரலால் இழுக்கும் ட்ரிக்கர்களுக்குள் ஒரு சின்ன மோட்டார் பல்சக்கரத்தால் எதிர்த்துத் தள்ளுகிறது. வில்லை இழுத்தால் நாண் இறுகுவது விரலுக்குப் புரியும். அவள் அதை முதல் வாரம் வியந்து ஆடினாள். பிறகு அமைப்புகளுக்குள் போய் ட்ரிக்கர் எதிர்ப்பை நிறுத்தி வைத்தாள், விரல்களுக்காக. நிறுத்த முடிகிறது என்பதும் ஒரு வசதிதான், அதைச் சோனி மறக்காமல் வைத்திருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரில் அப்படிப்பட்ட மாயம் இல்லை. பார்த்தால் பழையது போலவே இருக்கும். ஆனால் ஓரங்களைக் கொஞ்சம் உருட்டி, கைப்பிடிகளைச் சற்றே செதுக்கியிருக்கிறார்கள். சராசரி எட்டு வயதுக் குழந்தையின் கைக்கும் பொருந்த வேண்டும் என்பதைக் குறியாக வைத்து வேலை செய்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அவள் கையில் அது வந்து உட்கார்ந்த விதத்தில் அந்தக் கவனம் தெரிந்தது. டபுள் ஏ பேட்டரி இன்னும் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே ஒட்டிய லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்தால் திறந்து மாற்ற வேண்டும். இதில் ரீசார்ஜ் செய்யும் செல்லைப் போட்டுக்கொண்டால் கன்ட்ரோலர் எத்தனை ஆண்டு இருந்தாலும் பேட்டரிக்கு வயதாகாது. அவள் ஓட்டு செல்லுக்குத்தான்.

அண்ணன் மகளுக்குப் பிறவியிலேயே வலது கையில் வலு குறைவு. விரல்கள் முழுவதும் மடங்காது. முன்கையை மட்டும் அவளால் நன்றாக அசைக்க முடியும். வீட்டில் எல்லோரும் ஆடும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் அவளுக்கு வழி திறந்தது ஸ்விட்ச். அதன் ஜாய்கான்களை இரண்டாகப் பிரித்து, இடது பாதியை மட்டும் படுக்கவைத்துப் பிடித்தால் அதுவே ஒரு முழுக் கன்ட்ரோலர். பெரியவர்களின் கைக்கு இக்கட்டான அந்தச் சின்னத் துண்டு குழந்தையின் கைக்குள் அடங்கியது.

அடுத்தது எக்ஸ்பாக்ஸில் 2017இல் வந்த கோபைலட் வசதி. இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே ஆட்டக்காரராக வேலை செய்யும். ஃபோர்ஸா ஹொரைசன் 5இல் மெக்சிகோவின் சாலைகளில் வண்டி ஓடும்போது ஸ்டிக்கும் பிரேக்கும் குழந்தையிடம், ஆக்சிலரேட்டர் அத்தையிடம். வளைவு வரும்போது "அத்தை, விடுங்க, விடுங்க!" என்று அவள் கத்துவாள். அத்தை விடுவதற்குள் வண்டி கற்றாழைக் காட்டுக்குள் புகுந்திருக்கும். அந்த ஏற்பாடு இருவருக்கும் பிடித்திருந்தது, ஆனாலும் குழந்தைக்குத் தனியாக ஓட்ட வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018 செப்டம்பரில் வந்தது. நீளமான வெள்ளைப் பலகை, அதில் தட்டு அளவுக்கு இரண்டு கறுப்புப் பட்டன்கள், பின்னால் வரிசையாக 19 துளைகள். ஒவ்வொரு துளையும் வழக்கமான கன்ட்ரோலரின் ஒரு பட்டனுக்குச் சமம். கால் மிதி, கன்னத்தால் தொடும் பட்டன், ஊதினால் வேலை செய்யும் குழாய் என்று எதையும் 3.5 மில்லிமீட்டர் பிளக் மூலம் செருகலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல் எஃபெக்ட் போன்ற அமைப்புகளோடு உட்கார்ந்து மைக்ரோசாஃப்ட் அதைச் செய்தது. அதன் அட்டைப்பெட்டியில்கூட இழுத்துத் திறக்க வளையங்கள் வைத்திருக்கிறார்கள், விரலால் கிழிக்க முடியாதவரும் தாமே திறக்கலாம். சோனி இதே நோக்கத்தோடு வட்டமான அக்செஸ் கன்ட்ரோலரை 2023 டிசம்பரில் கொண்டுவந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் வழியாக அந்த அடாப்டிவ் கன்ட்ரோலர் வீட்டுக்கு வந்தது. வளையத்தை இழுத்துப் பெட்டியைத் திறந்தது குழந்தைதான். வழக்கமான கன்ட்ரோலரைத் தொடைமேல் சாய்த்து இடது கையில் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் ஸ்டிக்கில், ஆள்காட்டி விரல் பிரேக்கில். வெள்ளைப் பலகையை வலப்பக்கம் ஒரு தலையணைமேல் வைத்து, பெரிய பட்டன் ஒன்றை ஆக்சிலரேட்டராக மாற்றினார்கள். முன்கையால் அமுக்கினால் வண்டி சீறும். பாதி அழுத்தம் என்பது அதில் கிடையாது, முழு வேகம் அல்லது ஒன்றுமில்லை. அதனால் வளைவுகளில் தட்டித் தட்டி ஓட்ட அவளாகவே கற்றுக்கொண்டாள். தலையணை நழுவியது. பலகையின் அடியில் திருகாணி போட்டுப் பொருத்தத் துளைகள் இருப்பதைக் கண்டு, தச்சரிடம் சொல்லி ஒரு சாய்வு மேசை செய்து கொடுத்தான் அண்ணன்.

இப்போது எந்தப் பட்டன் எந்த வேலைக்கு என்பதை அவள் யாரையும் கேட்பதில்லை. ஹாரன் அடிக்கும் வேலையை இரண்டாவது பெரிய பட்டனுக்குக் கொடுத்திருக்கிறாள், அதற்கும் ஆட்டத்தில் வெல்வதற்கும் சம்பந்தமில்லை. போன முறை அத்தை போய் உட்கார்ந்து ஆடத் தொடங்கியதும் பட்டன்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. எதை அழுத்தினாலும் ஹாரன் அடித்தது.

"இது என்னோட செட்டிங் அத்தை. உங்களுக்கு வேணும்னா தனியா ஒண்ணு சேவ் பண்ணிக்கோங்க" என்றாள் குழந்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.